பாட்டே இல்லாமல் படமெடுத்த சங்கீதக்காரர்!

திருவான்மியூரில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் டி.வி ரிமோட் அப்பா கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு சாயங்காலம் மருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பும் வரை கறுப்பு வெள்ளைதான். பழைய படம் போடுகிற சேனல்கள் எவை, எதில் எத்தனை மணிக்கு என்ன படம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓ.டி.டியில் எல்லாமே கிடைக்குதேப்பா, வேண்டும்போது போட்டுப் பார்த்துக்கலாமே என்றால் கேட்கமாட்டார். தானாக வந்து நிற்கிற படத்தைப் பார்ப்பதில் இருக்கிற சந்தோஷமே தனி என்பது அவர் கட்சி.

போன மாதம் ஒரு மதியம் அப்படித்தான் தானாக வந்து நின்றது ஒரு படம். துப்பாக்கிச் சத்தம். சிவாஜி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை நோக்கித் தடுமாறி வந்து விழுந்து சாகிறார். படம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஹீரோ காலி! ஸ்கூல் லீவில் போனை நோண்டிக்கொண்டிருந்த என் பொண்ணு நிமிர்ந்து பார்த்தவள், அப்படியே தாத்தா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து அவள் கேட்ட ஒரே கேள்வி, இதுல பாட்டே வராதா தாத்தா என்பதுதான்.

வராது. 'அந்த நாள்' படத்தில் கடைசி வரை ஒரு பாட்டு கிடையாது. ஒரு டான்ஸ் கிடையாது, சண்டைக்காட்சி கிடையாது. 1954-ல் வந்த படம். பாட்டே இல்லாமல் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம். எடுத்தவர் யார் என்பதில்தான் வேடிக்கையே இருக்கிறது. மூச்சு முழுக்க சங்கீதமாக வாழ்ந்த ஒரு மனுஷர். வீணை எஸ்.பாலசந்தர்.

பாலசந்தர் என்றதும் பலரும் கே.பாலசந்தரைத்தான் நினைப்பார்கள். என் பொண்ணும் அப்படித்தான் கேட்டாள். இவர் வேறு, அவர் வேறு. கே.பி சினிமாவுக்குள் வருவதற்கு ஒரு பத்து வருஷம் முன்பே இவர் 'அந்த நாள்' எடுத்து முடித்துவிட்டார்.

மயிலாப்பூர்க் குடும்பம் அது. அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல். கோர்ட்டைவிடக் கச்சேரியில் அதிகம் மனசை வைத்த வக்கீல். பாபநாசம் சிவன் போன்றவர்கள் வந்து போகிற வீடு. அந்த வீட்டில் 1927 ஜனவரி 18-ம் தேதி பிறந்தார் பாலசந்தர். அண்ணன் எஸ்.ராஜம். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற ஓவியத்தைச் சபாக்களிலும் பாட்டு வாத்தியார் வீடுகளிலும் பார்த்திருப்பீர்களே, அதை வரைந்தவர் இந்த ராஜம்தான். பாட்டும் பாடுவார், படமும் வரைவார். அக்கா எஸ்.ஜெயலட்சுமி பின்னாளில் 'சிவகவி'யில் தியாகராஜ பாகவதரோடு நடித்தவர்.

1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் இந்த மொத்தக் குடும்பமும் இருக்கிறது. கோல்ஹாப்பூரில் பிரபாத் கம்பெனி எடுத்த தமிழ்ப் படம். ராஜம்தான் ராமர். சீதை யார் தெரியுமா? சொந்தத் தங்கை ஜெயலட்சுமி! அண்ணனும் தங்கையும் ராமர்-சீதையாக நடிக்கலாமா என்று அந்தக் காலத்தில் பெரிய பேச்சாகிவிட்டது. அப்பா சுந்தரம் ஐயரே ஜனகராக வருவார். பாபநாசம் சிவனுக்கு அதுதான் முதல் சினிமா. ராவணன் சபையில் ஒரு பொடியன் உட்கார்ந்து கஞ்சிரா வாசிப்பான். ஏழு வயது பாலசந்தர்.

கஞ்சிராவில் ஆரம்பித்த கை அதோடு நிற்கவில்லை. மிருதங்கம், தபலா, ஹார்மோனியம், தில்ரூபா, ஷெனாய் என்று கண்ணில் பட்ட வாத்தியத்தையெல்லாம் எடுத்து வாசித்துப் பார்த்தார். நடுவில் சதுரங்கம் வேறு. அதிலும் சின்ன வயதிலேயே கெட்டிக்காரர் என்று பெயர். சிதாரைக் கையில் எடுத்து, அதில் கர்நாடக சங்கீதக் கச்சேரியே செய்திருக்கிறார். பதினைந்து வயதை ஒட்டி சென்னை வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசியாக வீணை. எதற்குமே குரு கிடையாது. வீணைக்கும்கூட. எல்லாம் தானாகக் கற்றுக்கொண்டது.

குரு இல்லை என்பதை இப்போது நாம் பெருமையாகச் சொல்லிவிடலாம். யாருடைய சிஷ்யர், எந்தப் பாணி, எந்த பரம்பரை என்று விசாரித்து விட்டுத்தான் பாட்டையே கேட்கும் உலகம் அது. அதில் ஒருத்தர் யாருக்கும் சிஷ்யர் இல்லை என்று வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவர் வாழ்க்கையில் பிறகு வந்த பல சண்டைகளுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய இன்னொரு பைத்தியம், இங்கிலீஷ் படம். 1940-களில் ஹாலிவுட்டில் ஒரு வகைப் படங்கள் வரிசையாக வந்தன. ஜான் ஹூஸ்டனின் 'தி மால்டீஸ் ஃபால்கன்', பில்லி வைல்டரின் 'டபுள் இண்டெம்னிட்டி' மாதிரியான படங்கள். பாதி முகத்தில் வெளிச்சம், மீதி முகத்தில் இருட்டு. ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் கோடு கோடாக விழும். நல்லவன் என்று யாரையும் நம்பமுடியாது. பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு 'ஃபிலிம் நுவார்' என்று பெயர் வைத்தார்கள். கறுப்புப் படம் என்று சொல்லிக்கொள்ளலாம். சென்னையில் இங்கிலீஷ் படம் என்றால் மவுன்ட் ரோடு பக்கம் கேசினோ, பிராட்வே பக்கம் மினர்வா. ஆர்சன் வெல்ஸ், ஹிட்ச்காக் படங்கள் மேல் பாலசந்தருக்கு அப்படி ஒரு பக்தி.

21 வயதில் 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடம். அதே 1948-ல் 'என் கணவர்' படத்துக்கு அவரே டைரக்டர், அவரே நடிகர், இசையும் அவரே. அடுத்து 1951-ல் 'கைதி'. 'ராஜாம்பாள்', 'தேவகி', 'ராணி' என்று நடிப்பும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க லட்சணமாக இருப்பார். ஆனால் அந்த முகத்தில் ஒரு நக்கல் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். நேர்மையான ஹீரோவைவிட சந்தேகத்துக்கிடமான ஆளாக நடிப்பதற்கென்றே அமைந்த முகம்.

ஜப்பான்காரன் போட்ட குண்டும் ஜப்பான்காரர் எடுத்த படமும்

1952-ல் இந்தியாவில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்தது. பம்பாயில் ஆரம்பித்து சென்னை உட்பட மற்ற ஊர்களுக்கும் வந்தது. உலக சினிமா என்று ஒன்று இருப்பதை இங்கிருந்த பல பேர் அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். அதில் திரையிட்ட படங்களில் ஒன்று அகிரா குரோசவாவின் 'ரஷோமான்'. ஒரு கொலை. அதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை?

பாலசந்தரை அது பிடித்து உலுக்கிவிட்டது. அந்த உத்தியை வைத்து ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். நிராகரித்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு ஏவி.எம் செட்டியாரிடம் போனார். பாட்டு இருக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஏ.வி.மெய்யப்பன் சாதாரண ஆள் இல்லை. எது ஓடும், எது ஓடாது என்று மூச்சு விடுவதிலேயே கண்டுபிடிக்கிறவர். படம் என்றால் பாட்டு, பாட்டு என்றால்தான் படம் என்றிருந்த காலம். கிராமபோன் தட்டு விற்கிற தொழிலில் இருந்து வந்தவர் அவர். அவரிடம் போய் 27 வயதுகூட நிரம்பாத ஒரு வீணைக்காரர் பாட்டில்லாத படம் எடுக்கிறேன் என்கிறார். செட்டியார் சரி என்று சொல்லிவிட்டார். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். துணிச்சல் பாலசந்தருடையது மட்டும் இல்லை.

அதற்காக சுமுகமாக நடந்தது என்று நினைக்கவேண்டாம். கதாநாயகனாக முதலில் போட்டது சிவாஜியை அல்ல. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என்.விஸ்வநாதனை வைத்துப் பெரும்பகுதி எடுத்தாகிவிட்டது. போட்டுப் பார்த்த செட்டியாருக்குத் திருப்தி இல்லை. ஆளை மாற்று, சிவாஜியைப் போடு, திரும்ப எடு என்றார். பாலசந்தர் முடியாது என்று நின்றார். இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள். கடைசியில் ஜெயித்தது முதலாளிதான். 'பராசக்தி'யில் வசனம் பேசித் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டிருந்த சிவாஜி, இங்கே முதல் காட்சியிலேயே செத்து, மற்றவர்கள் சொல்கிற கதைகளில் மட்டும் உயிரோடு வந்து போகிற வேடத்துக்கு வந்தார். இந்த ஒரு விஷயத்தில் செட்டியார் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன். அந்தப் பாத்திரத்தின் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நம்மைத் தவிக்க விடுவதற்கு சிவாஜி மாதிரி ஓர் ஆள் வேண்டும்தான்.

கதை நடப்பது 1943 அக்டோபரில். சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்டது நிஜமாகவே நடந்த சம்பவம். ஊரே பயந்து கிடந்த நேரம். அந்தப் பயத்தின் நடுவே ரேடியோ இன்ஜினீயர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுச் சாகிறான். சி.ஐ.டி சிவானந்தமாக ஜாவர் சீதாராமன். படத்தின் திரைக்கதையும் அவர்தான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, தொடுப்பாக இருந்த பெண், மனைவி என்று ஐந்து பேரை விசாரிக்கிறார். ஒவ்வொருத்தர் கதையிலும் ராஜன் ஒவ்வொரு மாதிரி. ஒருத்தருக்குத் தங்கமானவன், இன்னொருத்தருக்குக் கல்நெஞ்சக்காரன். ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் மேல் கையைக் காட்டுகிறார்கள். எஸ்.மாருதி ராவின் கேமரா தரையோடு தரையாகக் கிடந்து அண்ணாந்து பார்க்கிறது. கதவிடுக்கில், மாடிப்படியில், விளக்கு நிழலில் ஒளிந்து நிற்கிறது. நம் ஊர் வீட்டு முற்றமும் மாடிப்படியும் அவ்வளவு சந்தேகத்துக்கிடமாக இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

சுட்டது யார் என்று நான் சொல்லமாட்டேன். 70 வருஷம் ஆன படத்துக்கு என்ன ரகசியம் என்று கேட்பீர்கள். என் பொண்ணு அன்றைக்குக் கடைசியில் பண்டரிபாயைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வாய்ப்பு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.

1954 ஏப்ரல் 13-ம் தேதி, தமிழ்ப் புத்தாண்டையொட்டிப் படம் வெளியானது. புத்தாண்டுக்குப் புதுத்துணி கட்டிக்கொண்டு பாட்டும் கூத்தும் பார்க்க வந்த கூட்டம், ஒரு பாட்டுகூட இல்லாமல் திரும்பிப் போனால் சும்மா இருக்குமா? படம் போகவில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. வசூல் மட்டும் கிடைக்கவில்லை. தமிழ் சினிமா பாட்டை விட்டு விலக ரொம்பக் காலம் ஆயிற்று. ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்', பாலு மகேந்திராவின் 'வீடு', கமலின் 'குருதிப்புனல்' என்று விரல் விட்டு எண்ணலாம்.

சரி, அத்தனை வாத்தியம் தெரிந்த ஒருத்தர் ஏன் பாட்டை வேண்டாம் என்றார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சங்கீதத்தை லேசாக எடுத்துக்கொள்கிறவருக்குத்தான் அதைக் கறிவேப்பிலை மாதிரி எதிலும் தூவத் தோன்றும். அதையே மலையாக நினைக்கிறவருக்குக் கொலைக் கதையின் நடுவில் பூங்காவில் டூயட் பாடுவது தாங்கமுடியாத விஷயமாக இருந்திருக்கும்.

பொம்மைக்குள் குண்டு

அதற்குப் பிறகு தெலுங்கில் 'ஏதி நிஜம்', தமிழில் 'அவன் அமரன்'. பிறகு எஸ்.பி. கிரியேஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி. 1962-ல் 'அவனா இவன்'. 1964-ல் 'பொம்மை'. பேசும் பொம்மை ஒன்றுக்குள் வெடிகுண்டு. அது போகவேண்டிய இடத்துக்குப் போகாமல், கை மாறிக் கை மாறி ஊரைச் சுற்றுகிறது. எப்போது வெடிக்குமோ என்று நாம் நகத்தைக் கடிக்கவேண்டும். இதில் பாட்டுகள் உண்டு. ஜேசுதாஸ் தமிழில் முதன்முதலில் பாடியது இந்தப் படத்துக்காகத்தான். படத்தின் முடிவில் பாலசந்தர் ஒரு காரியம் செய்தார். நடித்தவர்களை மட்டுமல்ல, படத்துக்கு உழைத்த டெக்னீஷியன்களையும் திரையில் கொண்டுவந்து நிறுத்தி, இவர் இன்னார் என்று அறிமுகம் செய்துவைத்தார். டைட்டில் ஓடும்போது எழுந்து போகிற நமக்கு இது ஒரு குட்டு.

1970-ல் வந்த 'நடு இரவில்' தான் அவருடைய கடைசிப் படம். அகதா கிறிஸ்டியின் நாவலில் இருந்து கிளம்பிய கதை. தனித்த பங்களாவில் சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். தூர்தர்ஷன் காலத்தில் இதைப் பார்த்துவிட்டு ராத்திரி பாத்ரூம் போகத் துணைக்கு ஆள் தேடியவர்கள் என் வயதில் நிறையப் பேர் இருப்பார்கள். கையைத் தூக்கலாம், தப்பில்லை!

அதோடு சினிமாவை விட்டுவிட்டார். யாரும் துரத்தவில்லை. வீணை கூப்பிட்டது, போய்விட்டார்.

வீணையில் அவர் என்ன செய்தார் என்பதை சங்கீதம் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். வீணையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மெட்டு உண்டு. விரல் அங்கங்கே நகர்ந்து வாசிக்கும். பாலசந்தர் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அந்த ஒரு மீட்டிலேயே பல ஸ்வரங்களைப் பாட வைப்பார். தொண்டையில் இருந்து வருகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வரும் நாதம். ஆலாபனையை அவசரமே இல்லாமல் விரிப்பார். இருட்டில் ஒரு உருவம் மெதுவாக வெளிச்சத்துக்கு வருகிற மாதிரி இருக்கும். படம் எடுத்த கை அல்லவா! 1960-களிலேயே அமெரிக்காவில் அவருடைய இசைத்தட்டுகள் வெளியாயின. 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982-ல் பத்மபூஷண் கிடைத்தது. தன் பெயருக்கு முன்னால் வீணையைச் சேர்த்துக்கொண்டதில் தப்பே இல்லை.

ஆனால் மனுஷர் நிம்மதியாக இருந்தாரா என்றால், இல்லை. புது ராகங்கள் உருவாக்கினேன் என்று பாலமுரளிகிருஷ்ணா சொன்னபோது, மூன்று நாலு ஸ்வரத்தை வைத்தெல்லாம் ராகம் என்று சொல்லக்கூடாது, அதை யாரும் கண்டுபிடித்ததாகவும் சொல்லக்கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். அது ஓய்வதற்குள் சுவாதித் திருநாள் விவகாரம். அப்படி ஒரு வாக்கேயக்காரரே இருந்ததில்லை, அவர் பெயரில் பாடப்படுவதெல்லாம் பிறகு சேர்த்தது என்றார். அந்தக் கிருதிகளைப் பிரபலப்படுத்திய செம்மங்குடி சீனிவாச ஐயரோடு நேருக்கு நேர் மோதல். பத்திரிகைகளுக்குக் கடிதம் மேல் கடிதம். வக்கீல் மகன் என்பது கடைசி வரை போகவில்லை.

ராகத்தைப் பற்றிய சண்டையில் அவர் பக்கம் பேச விஷயம் இருந்தது. சுவாதித் திருநாள் விஷயத்தில் ரொம்ப தூரம் போய்விட்டார். ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சினிமாவில் ஐந்து சாட்சி சொல்வதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொன்னவர், வாழ்க்கையில் தன் சாட்சி ஒன்றே போதும் என்று நின்றுவிட்டார். அதற்கு விலையும் கொடுத்தார். அந்தக் காலத்தில் வீணை என்றால் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று அவருடையது. ஆனாலும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டியலில் அவர் பெயர் இல்லை.

1990-ல் கச்சேரிக்காக அப்போதைய மத்தியப்பிரதேசத்தில் இருந்த பிலாய்க்குப் போனார். அங்கேயே மாரடைப்பு. 63 வயதில் காலமானார். தேதியைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிமிஷம் சிலிர்த்துவிட்டது. ஏப்ரல் 13. 36 வருஷம் முன்பு 'அந்த நாள்' வெளியான அதே நாள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாரே தவிர, ஒன்றும் பேசவில்லை. கோயிலுக்குக் கிளம்புகிற நேரம், சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். என் பொண்ணு மட்டும் வாசல் வரை பின்னாலேயே போய், அந்தப் பொம்மைக்குள்ளே குண்டு வைக்கிற படம் எந்த சேனலில், எப்போ போடுவாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.